இரண்டு ‘இல்லை’களுக்கு நடுவே

1982 ஜூன் 7, திங்கள்

மழை. படகு தாமதம். கொச்சியில் அலுவலகம் இருக்கிற தீவில் இறங்கியபோது குடையும் நானும் ஒரே அளவு நனைந்திருந்தோம். குடையைக் காயப்போட அலுவலகத்தில் ஓர் ஆணியாவது உண்டு.

மிளகுக்குத் தரம் பார்க்கிற எங்கள் இலாகாவில் பதவி உயர்வுத் தேர்வுக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. கடைநிலை ஊழியர்களும் டைப்பிஸ்டுகளும் எழுதலாம். தேறினால் குமாஸ்தா நாற்காலி. நான் போன தடவையும் தேறவில்லை, அதற்கு முந்தின தடவையும் தேறவில்லை. மிளகு மூட்டையில் குத்தூசி செருகி மாதிரி எடுக்கிற சுப்புராஜ் என்றால் மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் ஒரு மரியாதை இருக்கிறது. பரீட்சை எழுதுகிற சுப்புராஜ் என்றால் கேன்டீனில் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. சிரிப்பை ஆரம்பித்து வைப்பதும் நான்தான். பிறர் முந்திக்கொண்டால் வலிக்கும்.

‘தர்க்கத் திறன்’ என்று ஒரு தாள். அதில் ஒற்றை ‘இல்லை’ வந்தால் சமாளித்துவிடுவேன். இரண்டு ‘இல்லை’ தோளில் கை போட்டுக்கொண்டு வந்தால் எனக்குத் தலை சுற்றும். ‘பின்வருவனவற்றுள் எது உண்மையல்லாதது அல்ல?’ என்று கேட்பவன் வீட்டில் எப்படித்தான் சோறு கேட்பானோ.

மத்தியானம் டைப்பிஸ்ட் பாக்கியலக்ஷ்மி கேன்டீனுக்கு வந்தாள். “அண்ணாச்சி, சேர்ந்து படிப்போமா? எங்கெங்க தப்பு வரும்னு உங்களுக்குத் தெரியும்லா.”

தோற்றவனுக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டு என்று தெரிந்திருந்தால் இன்னும் சில தடவை தோற்றிருப்பேன்.

அண்ணாச்சி! எனக்கு நாற்பத்தைந்து, அவளுக்கு முப்பத்தெட்டு இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் மளிகைக்கடைக்காரர் முதல் கலெக்டர் வரை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் ஆறுதலுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16

கேன்டீன் நடத்தும் பேச்சியக்கா மூலை மேஜையை எங்களுக்கென்று ஒதுக்கிவிட்டாள். கூடவே காதையும் ஒதுக்கியிருக்கிறாள். சாயா ஆற்றுகிற சத்தம் நின்றால் அவள் கேட்கிறாள் என்று அர்த்தம்.

கேள்விகள் இங்கிலீஷில். தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு ஏறும். ‘கிடங்கில் சோதிக்கப்படாத மூட்டை எதுவும் இல்லை.’ பாக்கியலக்ஷ்மி சிவப்புப் பென்சிலால் ‘படாத’வின் மேல் ஒரு கோடு, ‘இல்லை’யின் மேல் ஒரு கோடு இழுத்தாள். “ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு. மிச்சம் என்ன? எல்லா மூட்டையும் சோதிச்சாச்சு. இதை ஓரத்துல எழுதுங்க. பொறவுதான் விடைப் பக்கம் போகணும்.”

அது சரி. விடைகள் பஜார் தரகர்களைப் போல. வெறும் கையோடு போய் நின்றால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரத்தை முடித்துவிடுவார்கள். நம் வாக்கியத்தை நாமே நேராக எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

அவள் பென்சில் பிடிக்கும் விதம் — சரி, அதை எதற்கு எழுத வேண்டும்.

ஜூலை 2

இன்று மாட்டிக்கொண்டேன். ‘எல்லா மூட்டைகளும் நனையாதவை என்பது உண்மையல்ல.’ சடக்கென்று இரண்டையும் வெட்டி, ‘எல்லா மூட்டைகளும் நனைந்தவை’ என்று எழுதினேன். கடையில் கல்லாவை மூடுகிறவனுடைய திருப்தியோடு நிமிர்ந்தேன்.

“அண்ணாச்சி, அத்தனை மூட்டையவும் கொண்டுபோய் மழையில போட்டுட்டீங்களே. ஒரு மூட்டை நனைஞ்சிருந்தாலே அந்தப் பேச்சு பொய்தான?”

ஒரு மூட்டையில் ஈரம் இருந்தால் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்புகிற வேலைதான் என் வேலை. எனக்கே தோன்றவில்லை. ‘எல்லா’ என்ற சொல் நடுவில் சுவராக நின்றால் இரண்டு ‘இல்லை’யும் கட்டிப்பிடித்துச் சாக முடியாதாம். குறித்துக்கொண்டேன்.

அவளுக்கும் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பேச்சியக்கா உள்ளேயிருந்து “சீனி இல்ல” என்று கத்தியபோது இவள் முகம் சுளித்தாள். அவள் வீட்டில் அந்தச் சொல்லே கூடாதாம். “இல்லன்னு சொன்னா அம்மா வாயிலயே போடுவா. அரிசி தீந்துட்டா ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ன்னுதான் சொல்லணும். கேட்டவங்க எந்திரிச்சுக் கடைக்குப் போவாங்க.” அப்படி வளர்ந்தவள் இப்போது தாள் முழுக்க ‘இல்லை’யைத் தேடிக் கோடு போடுகிறாள்.

அந்தக் கணக்கில் கூவப்பாடத்தில் என் அறை எப்போதும் நிறைந்தே இருக்கிறது. சீனி, அரிசி, ஆள்.

தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, எனக்குப் பெண் தேட வேண்டியவர்கள் எல்லோரும் படத்தில் மாலையோடு இருந்தார்கள். இதை வேடிக்கையாகச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். இன்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 19

‘அவர் அந்தத் திட்டத்தை வெறுக்கவில்லை.’ ஆகவே விரும்புகிறார் என்று எழுதினேன். தப்பு. வெறுக்காமலும் விரும்பாமலும் சும்மா இருக்கலாமாம். வெறுப்புக்கும் விருப்பத்துக்கும் நடுவில் ஒரு நிலம் உண்டாம்.

பேச்சியக்கா பழம்பொரி கொண்டுவந்து வைத்தாள், நம்மூர் பஜ்ஜி மாதிரி வாழைப்பழத்தில். பிடிக்குமா என்று பாக்கியலக்ஷ்மியிடம் கேட்டேன். “பிடிக்காம இல்ல, அண்ணாச்சி.”

வெட்டினால் பிடிக்கும். வெட்டக் கூடாது. அந்த நடு நிலத்தில் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மழைக்கு ஒழுகுகிறது.

அவள் சொன்னது பழம்பொரியைப் பற்றி. அதை மறக்க வேண்டாம், சுப்புராஜ்.

ஆகஸ்ட் 10

இன்று வம்பை விலைக்கு வாங்கினேன்.

சூப்பிரண்டென்ட் வாஞ்சிநாதன் சாயா குடிக்கக் கேன்டீனுக்கு வந்தார். தலைக்குச் சாயம் அடிக்கிறவர். ஈர நாட்களில் காலரில் கறுப்பாக இறங்கும், யாரும் பார்க்காத மாதிரி பார்ப்போம். பாக்கியலக்ஷ்மிக்கு இந்த வேலை, இலாகாவில் இருந்த புருஷன் இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்தது. எங்கள் மேஜையில் பென்சிலைக் கண்டதும், புருஷன் செத்ததுக்கு ஒரு வேலை கிடைச்சாச்சு, இனி பதவி உயர்வுக்கு யார் சாகணும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கியலக்ஷ்மி தாளைப் பார்த்தபடி இருந்தாள். பென்சில் மட்டும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. “சார், நாற்காலிதான் அவர் கொடுத்துட்டுப் போனது. அடிக்கிற விரல் இவங்களோடது. உங்க லெட்டர்ல இருக்கிற தப்பையெல்லாம் ராத்திரி அவரா வந்து திருத்திட்டுப் போறார்?”

பேச்சியக்கா சாயா ஆற்றுவதை நிறுத்தினாள். அப்புறம் அந்த ரெண்டு பேரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், இந்தத் தடவை அவரைப் பார்த்து. வாஞ்சிநாதன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இனி தூரத்து ஆலுவாக் கிடங்குக்கு வாராவாரம் டூட்டி போடுவார். போடட்டும்.

படகை விட்டு இறங்கும்போது பாக்கியலக்ஷ்மி, “நாளைக்கு அந்தப் பதினெட்டாம் கேள்வியிலேருந்து பாப்போம்” என்றாள்.

செப்டம்பர் 6

ஓணம் முடிந்து அலுவலகம். இன்னும் எல்லோர் வாயிலும் பாயசம்.

இன்று ஒளிந்திருக்கும் ‘இல்லை’கள். மறுத்தார், தவறினார், தவிர. ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது, ஆனால் வேலை அதேதான். கிடங்கில் இப்படிச் சில வியாபாரிகளைத் தெரியும். மூட்டையின் வாய்ப்பக்கம் முத்து முத்தாக மிளகு, அடியில் காம்பு. அந்தச் சொற்களின் கீழேயும் கோடு போட வேண்டும் என்றாள் பாக்கியலக்ஷ்மி. “இருக்கதை மட்டும் வாசிக்கீங்க. என்ன விட்டுப்போயிருக்குன்னும் பாக்கணும்லா. பாருங்க.”

கொஞ்ச நாளாக இந்தப் ‘பாருங்க’தான். ‘இந்தாங்க’, ‘கேட்டீங்களா’, ‘பாருங்க’. படகுத்துறையில் சுமைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. வாஞ்சிநாதன் விஷயத்தில் நான் வாயைத் திறந்தது அவளுக்குப் பிடிக்கவில்லையோ? அவர் கெடுத்த அவள் பேரை நான் இன்னும் கெடுத்துவிட்டேனோ? கேட்கலாம். பிடித்திருந்ததா என்று கேட்டால் ‘இல்லை’ வரலாம். பிடிக்காமல் போகவில்லையே என்று கேட்டால் எந்தப் பதில் வந்தாலும் எனக்குப் புரியாது. அதுவே பாதுகாப்பு. நான் எதையுமே கேட்கிற முறை இதுதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 19, ஞாயிறு

எறணாகுளத்தில் பரீட்சை. தர்க்கத் தாளில் எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். மேற்பார்வைக்கு நின்றவர் நான் படம் வரைகிறேன் என்று நினைத்துக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். திரும்பும் படகில் பாக்கியலக்ஷ்மி எனக்கு எதிர்ப் பலகையில். இனி மூலை மேஜைக்குக் காரணம் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

நவம்பர் 23

அவள் தேறிவிட்டாள். நான் தர்க்கத்தில் தேறினேன். கணக்கில் போயிற்று. கழித்தலில். கேன்டீனில் இதை மூன்று விதமாக நடித்துக் காட்டினேன், நல்ல சிரிப்பு.

அவளுக்குத் தூத்துக்குடிக் கிளை.

தூத்துக்குடி.

நவம்பர் 26

கேன்டீனுக்கு வந்தாள், கையில் உத்தரவோடு. ‘பதினைந்து நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சம்மதம் எனக் கொள்ளப்படும்.’ மறுத்தால் பதவி உயர்வு போய்விடும், பழைய டைப்ரைட்டர்தான். மூலை மேஜையில் உட்கார்ந்து, “மறுப்பு எழுதணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க” என்றாள்.

நான் — என்ன சொன்னேன்? எழுதவே கை கூசுகிறது. “போகக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு? அதுக்காகப் போக வேண்டாம்னு நினைக்காமலும் இல்ல.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

“இதுல எதைத்தான் வெட்டுறது?” என்றாள். உத்தரவை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன்டா இப்படி. ஒரு வார்த்தை. இரு-ன்னு ஒரு வார்த்தை. அவ சம்பாதிச்சு வாங்கின நாற்காலிய விட்டுட்டு இருன்னு சொல்ல எனக்கு என்ன உரிமைன்னு ஒரு நியாயம் வேற வச்சிருக்கேன். நல்ல நியாயம்தான். பயந்தவனுக்கு எப்பவும் நல்ல நியாயம் கிடைக்கும்.

டிசம்பர் 12, ஞாயிறு

எறணாகுளம் ஸ்டேஷன். அவள் தம்பியும் வந்திருந்தான், மட்டாஞ்சேரி பஜாரில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவன். நான் பெட்டியைத் தூக்கி வைத்தேன். குமாஸ்தா அம்மாவுக்கு நான்தான் முதல் பியூன் என்று சொல்லி இரண்டு பேரையும் சிரிக்க வைத்தேன். வண்டி நகர்ந்ததும் “வாரேன்” என்றாள். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லையே, அதனால்தான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இல்லை என்று எழுதிவிட்டேன். அவள் அம்மா இருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பாள்.

1983 ஜனவரி 14

பொங்கல். அறை நிறைந்திருக்கிறது.

பிப்ரவரி 9

அவள் இடத்தில் புது டைப்பிஸ்ட். நல்ல பையன், வேகமாக அடிக்கிறான். எனக்கோ காது பழைய சத்தத்தைத் தேடுகிறது. அவள் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம்தான் உருளையைத் தள்ளுவாள். அந்த நிறுத்தத்தில் நான் மாதிரிப் பொட்டலத்துக்கு முடிச்சுப் போடுவேன். இப்போது என் முடிச்சுகள் அவிழ்கின்றன என்று ஆய்வுக்கூடத்திலிருந்து புகார்.

மார்ச் 3

பேச்சியக்காவுக்குத் தூத்துக்குடியிலிருந்து கார்டு. பேச்சியக்கா பள்ளிக்கூடம் போனது இங்கே, தமிழ் வாசிக்க வராது, மலையாளம்தான். நான் வாசித்துக் காட்டினேன். காற்றில் உப்பு அதிகமாம், வெயில் சொல்ல முடியாதாம். எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்திருந்தாள். வாஞ்சிநாதனைக்கூட. கேன்டீன் பூனையைக்கூட.

என்னைத் தவிர.

‘தவிர’வின் கீழே கோடு போட வேண்டும். போட்டுவிட்டேன்.

மே 20

மிளகு வரத்து இல்லை. வேலை இல்லை. காற்று இல்லை. இங்கே வெட்டுவதற்கு ஜோடி சேரவில்லை.

ஜூலை 11, திங்கள்

மழை. கேன்டீனில் நானும் பேச்சியக்காவும் மட்டும். இரண்டாவது கார்டு வந்திருந்தது. வாசித்தேன். இதிலும் நான் கிடையாது. வாசித்து முடித்து, வழக்கம்போல வேடிக்கையாக, “பூனைக்குக் கிடைக்கிற விசாரிப்பு நமக்குக் கிடைக்கலியே அக்கா” என்றேன்.

பேச்சியக்கா சாயாப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“ஏலே சுப்புராசு, நீ ஒரு மண்டு கேட்டியா. கார்டுல எல்லாப் பேரும் இருக்கு, ஒம்பேரு மட்டும் இல்ல. ஏம்னு யோசிச்சியா? அவ ஒன்னை அண்ணாச்சின்னு கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சு? அந்தச் சாயத்தலையன நீ ஏசின அன்னைக்கோட நிறுத்தினா. நான் இங்க நின்னு கேட்டுக்கிட்டுதான இருக்கேன். ஒரு பொம்பள முறை வச்சுக் கூப்பிடுறதையும் விட்டு, பேரையும் வாயில எடுக்காம இருந்தா என்ன அர்த்தம்? எங்க வீட்டுக்காரர் பேர நான் என்னைக்குச் சொல்லிருக்கேன்?”

நான் சாயாக் கோப்பையைப் பிடித்தபடி இருந்தேன். பாருங்க. இந்தாங்க. கேட்டீங்களா. ஸ்டேஷனில் வெறும் ‘வாரேன்’. என்ன விட்டுப்போயிருக்குன்னு பாக்கணும்லா என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். பரீட்சைத் தாளில் பார்த்தேன். நேரில் நின்றவளிடம் பார்க்கவில்லை. எதுத்தாப்புல உக்காந்துல்லா இருந்தா!

“இத முன்னாலயே சொல்லக் கூடாதா அக்கா?”

“நீ தர்க்கத்துல பாசுன்னு சொன்னியே” என்றாள்.

ஜூலை 15

லீவு கேட்டேன். எதற்கு என்று வாஞ்சிநாதன் கேட்டார். தூத்துக்குடியில் சொந்த வேலை என்றேன். தூத்துக்குடியில் உனக்கு என்ன சொந்தம் என்றார். அதைத்தான் கேட்கப் போகிறேன் சார் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். மழைக்காலம், காலரில் கறுப்பு. முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

ஜூலை 18

கொல்லத்தில் மாறி, செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். வழி முழுக்கக் கேள்வியை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே போனேன். ‘உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்’ — வெட்டு. ‘தப்பாக நினைக்காவிட்டால்’ — வெட்டு. ‘நான் கேட்காமல் இருந்திருக்கக் கூடாது’ — இதில் இரண்டு ‘இல்லை’, சுரங்கப்பாதை இருட்டிலேயே வெட்டினேன். எதிரே இருந்த கிழவர் நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்துக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டு வாசலில் நின்றேன். கொஞ்சம் கறுத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள், ஏனோ. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். பேச்சியக்கா, பூனை, மழை எல்லாம் பேசினோம். வாய்க்கு வழக்கமான வேடிக்கை ஒன்று வந்தது, விழுங்கினேன்.

“நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்றேன்.

தெருவில் உப்பு லாரி ஒன்று போய் முடிந்தது. பிறகு அவள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தபடி, “இதுல வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்றாள். “இம்புட்டுச் சுலபமான கேள்விக்கு எதுக்கு இத்தனை நாள் எடுத்தீங்க?”

பதில் சொல்லவில்லையே என்றேன்.

“டீ ஆறுது. குடிங்க.”

குடித்தேன். சீனி போட மறந்திருந்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

1984 பிப்ரவரி 6

திருநெல்வேலியில் ரிஜிஸ்டர் கல்யாணம். அவள் தம்பி ஆட்சேபணை சொல்லவில்லை. ஆட்சேபணை சொல்லாதது சம்மதம் ஆகாது என்று படித்தவன் நான், ஆகவே கலங்கிப் போயிருந்தேன். கடைசி நேரத்தில் நேந்திர வாழைக்குலை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். அத்தான் என்றான்.

அவள் அங்கே, நான் இங்கே. இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இதுவரை ஒருத்திக்காக ஏங்கினேன், இனி மனைவிக்காக ஏங்க வேண்டும். பதவி உயர்வு என்றால் இதுதான்.

நவம்பர் 18

மாற்றம் வரவில்லை. கொச்சியில் இடம் காலியானால்தானாம். பெட்டியில் அவள் விட்டுவிட்டுப் போன சிவப்புப் பென்சில் இருக்கிறது. சீவவில்லை. சீவினால் குறையும்.

1985 ஆகஸ்ட் 5, திங்கள்

மழை. இன்று லீவு. கூவப்பாடத்தில் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, கீழே இரண்டு பாத்திரம். நான் தனியாக இருந்தபோது ஒரு பாத்திரம்தான் வைப்பேன், மற்ற இடத்தைத் தாண்டிப் போவேன்.

காலையில் அலமாரியைத் திறந்து பார்த்தேன், சும்மாதான். அரிசி இருக்கிறது. சீனி இருக்கிறது. போன வாரம் தூத்துக்குடியிலிருந்து அவளோடு வந்த உப்புக்கூட இரண்டு பொட்டலம் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல். பேரும் கிடையாது, முறையும் கிடையாது.

“பாருங்க, மண்ணெண்ணெய் நிறைஞ்சிருக்கு.”

கேனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.